இரும்பின் தோலும் உழைப்பவர் தோலும்

(தொழிற்பயிற்சி மாணவரும் பட்டறைத் தொழிலாளரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திங்கட்கிழமைக் காலையில் கடைசற் பட்டறையின் கதவைத் திறப்பவர்க்கு இரண்டு செய்திகள் காத்திருக்கும். ஒன்று மூக்கிற்கு, மற்றொன்று கண்ணிற்கு. ஞாயிறு முழுவதும் அசைவற்றுக் கிடந்த தொட்டியினின்று அழுகிய முட்டையின் நாற்றம் எழும். காரிக்கிழமை மாலையில் வெள்ளிபோல் மின்னிய உருளைகளின்மேல் செம்புள்ளிகள் பூத்திருக்கும். கடைசற்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்ப்பார்; தொட்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றுவார்; பொறியை ஓட்டத் தொடங்குவார். அந்த நாற்றத்திற்கும் அந்தத் துருவிற்கும் உள்ள உறவை அவருக்கு எவரும் சொன்னதில்லை. அவருடைய விரலிடுக்குகளில் வெடித்துச் சிவந்திருக்கும் தோலுக்கும் அவ்விரண்டிற்கும் உள்ள உறவையோ, சொல்ல வேண்டுமென்று நினைத்தவர்கூட இல்லை. இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் வேலை.

இரும்பு மண்ணினின்று வந்தது. மண்ணில் அது உயிர்வளியோடு கூடிய கல்லாகக் கிடந்தது. மாந்தன் அதனை உலையிலிட்டு, கரியைக் கொடுத்து, உயிர்வளியைப் பிரித்தெடுத்தான். பிரித்த நாள்முதல் அது மீண்டும் பழைய நிலைக்கே திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது. அந்தத் திரும்புதலின் பெயரே துரு. நீர் மட்டும் இருந்தால் துரு ஏறாது. காற்று மட்டும் இருந்தாலும் ஏறாது. இரண்டும் கூட வேண்டும். கூடிய இடத்தில் இரும்பின் மேற்பரப்பே ஒரு சிறு மின்கலமாக மாறுகிறது. ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. அடுத்த இடத்தில் நீரும் உயிர்வளியும் அதன் மின்னணுக்களை வாங்கிக்கொள்கின்றன. உப்பு கலந்த நீரானால் மின்னோட்டம் எளிதாகிறது; துரு விரைகிறது. செம்பு கெடுவதைத் தமிழர் துரு என்று சொல்வதில்லை, களிம்பு என்பர். இரும்பின் கேடு வேறு, செம்பின் கேடு வேறு என்று நாட்டுப்புறத்து வழக்கே பிரித்து வைத்திருக்கிறது. இப்பிரிவு பின்னர் இவ்வுரைக்குத் தேவைப்படும்.

2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சார்ந்த மாழையரிப்புப் பொறியாளர் கழகம் வெளியிட்ட ஆய்வு, உலகம் முழுவதிலும் இத்தகைய அரிப்பால் ஓராண்டில் நேரும் செலவு இரண்டரை இலக்கம் கோடி தாலர் என்றும், அஃது உலக நாடுகளின் மொத்த விளைவாக்க மதிப்பில் 3.4 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. பாலமும் கப்பலும் குழாயும் சேர்ந்த கணக்கு அது. பட்டறைத் தொழிலாளர் உப்புத்தாளோடு செலவிடும் காலைப்பொழுதும் அதனுள் ஒரு துளி.

இரும்பிற்கு நீர் பகையென்றால், பட்டறையில் இரும்பின்மேல் நீரை ஊற்றுவதேன்? கரணியம் வெப்பம். வெட்டுளி இரும்பைச் சீவும் முனையில் வெப்பம் கடுமையாக எழுகிறது. உளியின் கூர் மழுங்குகிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் மிட்வேல் எஃகாலையில் பணியாற்றிய பிரெடரிக் தெய்லர் என்னும் பொறியாளர், சீவல் பிரியும் இடத்தில் நீரைத் தாரையாகப் பாய்ச்சினால் வெட்டும் விரைவை 30 முதல் 40 விழுக்காடு வரை கூட்டலாம் என்று கண்டார். 1884-இல் அங்கு எழுப்பிய புதிய பொறிக்கூடத்தில் ஒவ்வொரு பொறிக்கும் அடியில் ஒரு தட்டம் வைத்து, வழியும் நீர் நிலத்தடிக் குழாய் வழியே ஒரு நடுக்கிணற்றில் சேர்ந்து மீண்டும் மேலேறுமாறு அமைத்தனர். அந்நீர் வெறும் நீரன்று. சலவைச்சோடா மிகுதியாகக் கரைத்த நீர். காரத்தன்மை மிக்க நீரில் இரும்பின்மேல் ஒரு மெல்லிய காப்புப்படலம் நிலைத்து நிற்கும். துரு எளிதில் ஏறாது. வெட்டு நீரில் துருக்காப்பிற்கென்று ஒரு சேர்மானத்தைச் சேர்க்கும் முறைக்கு இது தெளிவான முற்கால எடுத்துக்காட்டு. 1906-இல் தெய்லர் தம் நெடிய ஆய்வுரையில் இவற்றையெல்லாம் விரித்துரைத்தார். அவர் தம் மேலாண்மைக் கொள்கையால் தொழிலாளரைப் பொறியினும் கடுமையாக ஓட்டினார் என்ற குறை வேறு. அதற்கு வேறோர் அவை வேண்டும்.

நீர் வெப்பத்தைத் தணிக்கும், ஆனால் வழுக்காது. வழுக்குவதற்கு எண்ணெய் வேண்டும். நீரையும் எண்ணெயையும் சேர்த்துக் கட்டுவதற்குச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் வேண்டும். இம்மூன்றும் கூடியதே பட்டறையில் ‘கூலண்டு’ என்று வழங்கும் பால்வெண்மை நீர். அது நூற்றுக்கு 90 முதல் 95 பங்கு நீரே. மீதியுள்ள சிறு பங்கில்தான் மசகெண்ணெயும், துருக்காப்பும், நுரைத்தடையும், நுண்ணுயிர்க் கொல்லியும் குடியிருக்கின்றன. அந்தச் சிறு பங்கு செய்த தீங்கின் வரலாற்றைத் தொழில் கற்கும் மாணவர் அறிந்தே ஆக வேண்டும்.

இங்கிலாந்தின் மான்செசுட்டர் நகரப் பஞ்சாலைகளில் நூற்புக் கதிர்களுக்கு நிலத்தெண்ணெயினின்று வடித்த மசகு இடப்பட்டது. அது தெறித்துத் தொழிலாளரின் ஆடையில் ஊறி, அடிவயிற்றிலும் விதைப்பையிலும் நாள்தோறும் பட்டது. அவர்களிடையே விதைப்பைப் புற்று மிகுந்திருந்ததை 1922-இல் அந்நகர மருத்துவர் இருவர் வெளிப்படுத்தினர். கதிர்களுக்கு நன்கு தூய்மையாக்கிய வெள்ளெண்ணெயோ, நிலைத்திணை அல்லது விலங்கு எண்ணெயோதான் இடவேண்டும் என்ற விதி வந்தது 1953-இல். இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள்! தூய்மையாக்காத நிலத்தெண்ணெய் புற்றுநோய் தருவதென்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பின்னர் ஐயமற்ற முதல் வகுப்பில் வைத்தது. இன்று நல்ல எண்ணெயாலைகள் விற்கும் மசகுகள் பெரிதும் தூய்மையாக்கியவையே. ஆயினும் பழைய வண்டிகளினின்று வடித்த கழிவெண்ணெயைக் குறைந்த விலைக்கு வாங்கி வெட்டெண்ணெயாக ஊற்றும் பட்டறைகளுக்கு இவ்வரலாறு இன்னும் பழையதாகவில்லை.

துருக்காப்பின் கதை இதனினும் கசப்பானது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோடியம் நைட்ரைட்டு என்னும் உப்பு துருக்காப்பிற்கு மிகச் சிறந்ததென்று கொண்டாடப்பட்டது. விலை குறைவு, சிறிதளவே போதும், இரும்பு பளபளவென்றிருந்தது. காரத்தன்மையை நிலைநிறுத்துவதற்கு அதே நீரில் அமைன் வகைப் பொருள்களையும் சேர்த்தனர். தனித்தனியே நின்று இரும்பைக் காத்த இரண்டும் தொட்டிக்குள் ஒன்றோடொன்று வினைபுரிந்து நைட்ரோசமைன் என்னும் புற்றாக்கியை ஈன்றன. 1976-இல் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் இதுபற்றி எச்சரித்தது. 1984-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு அமைப்பு குறிப்பிட்ட சில அமைன் சேர்மங்கள் உள்ள வெட்டு நீரில் நைட்ரைட்டு சேர்ப்பதைத் தடைசெய்தது. அதுவரை எத்தனை கைகள் அந்நீரில் நனைந்தன! உருளை துருவின்றி வாங்குவோரிடம் சென்றது. அதைக் கடைந்த கை எந்நிலையில் வீட்டிற்குச் சென்றது என்று வாங்கியவர் கேட்கவில்லை.

கடும் அழுத்தத்தில் உளியும் இரும்பும் ஒட்டிக்கொள்ளாதிருக்கச் சேர்க்கும் குளோரின் ஏறிய மெழுகெண்ணெய்களும் இவ்வகையினவே. அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையா. மீனின் உடலிலும் மீனுண்பவர் உடலிலும் தங்கும். அவற்றுள் குறுந்தொடர் வகை 2017-இலும், இடைத்தொடர் வகை 2025-இலும், நீங்கா நஞ்சுகளை ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்பாட்டில் சேர்க்கப்பட்டன.

ஆகவே ஒரு சேர்மானம் நல்லதா என்று அறிய மூன்று வினாக்கள் வேண்டும். இரும்பைக் காக்கிறதா என்பது முதல் வினா. இதுகாறும் இந்த ஒன்றே கேட்கப்பட்டது. தொடும் கையைக் காக்கிறதா, கொட்டும் மண்ணையும் கிணற்றையும் காக்கிறதா என்னும் மற்ற இரண்டும் கேட்கப்படாமலே நின்றன. இம்மூன்றிற்கும் விடைதேடிய வேதியியலாளர் அண்மைக் காலத்தில் எங்கே வந்து நிற்கின்றனர் என்று பார்த்தால், தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரர் வியப்படைய மாட்டார். அவர்கள் ஆமணக்கங் கொல்லையில் நிற்கின்றனர்!

வண்டிமாடு பூட்டிய காலத்தில் அச்சிற்கு இட்ட மசகு எது? வைக்கோலைக் கருக்கிய கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மை. மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பர். அதே ஆமணக்கெண்ணெயே மேனாட்டில் முதல் உலகப்போர்க்கால வானூர்திகளின் சுழற்பொறிகளுக்கும் மசகாயிற்று; கல்லெண்ணெயில் அது எளிதிற் கரையாது என்பது கரணியம். அதன் புகையை உள்ளிழுத்த வானோடிகள் வயிற்றுப்போக்கால் வருந்தினர் என்று படை வரலாற்றில் நகைப்போடு சொல்வர். பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1909-இல் வேக்பீல்டு குழுமம் தன் மசகிற்கு இட்ட ‘காசுட்ரால்’ என்னும் பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரினின்று பிறந்ததே.

ஆமணக்கின் தனிச்சிறப்பு அதன் கட்டமைப்பில் உள்ளது. அதன் கொழுப்புக் காடிகளில் 85 முதல் 90 விழுக்காடு வரை இரிசினோலிக்குக் காடி என்னும் ஒன்றே. 18 கரிம அணுக்கள் கோத்த தொடர் அது. 12-ஆம் கரிமத்தின்மேல், மற்ற எண்ணெய்களில் காணாத ஒரு கொம்பு, நீரை விரும்பும் ஐதராக்சில் தொகுதி, முளைத்து நிற்கிறது. கொழுப்புக் காடியின் தலை இரும்பைப் பற்றிக்கொள்ளும். வால் நீரை வெறுத்து விலகி நிற்கும். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றுப்போல இத்தலைகள் இரும்பின்மேல் அடர்ந்து ஊன்றிவிட்டால் நீர் உள்ளே நுழைய வழியில்லை. வழுக்குவதும் துருவைத் தடுப்பதும் இந்த ஒரே நாற்றுப் படுகையின் வேலைதான். நடுவிலுள்ள கொம்பும் இரும்பை நாடுவதால் ஆமணக்கின் பிடி மற்ற எண்ணெய்களினும் வலிது.

இதனைக் கந்தகக் காடியோடு வினைப்படுத்தினால் நீரில் கலக்கும் எண்ணெயாகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே சாயத்தொழிலில் ‘துருக்கிச் சிவப்பெண்ணெய்’ என்று அது வழங்கிற்று. வெட்டு நீரில் எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் பணியையும் அது செய்கிறது. எரிகாரத்தோடு உயர்வெப்பத்தில் ஆமணக்கெண்ணெயைப் பிளந்தால் செபாசிக்குக் காடி கிடைக்கிறது. இதற்கு இரண்டு முனைகளிலும் பற்றும் தலைகள். இதன் உப்புகள் நைட்ரைட்டு இல்லாமலே இரும்பைத் துருவினின்று காப்பதால் வெட்டு நீரிலும் வண்டிகளின் தணிநீரிலும் இன்று பயன்படுகின்றன. உலகில் மிகுதியாக ஆமணக்கு விளைவது இந்தியாவில். அதிலும் பெரும்பங்கு குசராத்தில். ஆயினும் அவ்வெண்ணெயினின்று செபாசிக்குக் காடியை மிகுதியாகச் செய்வது சீனம். சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் ஆமணக்கிற்கும் மரவள்ளிக்குமென்றே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. அங்கிருந்து கோவையின் கடைசற் பட்டறைகள் தொலைவில் இல்லை. ஆனால் விதைக்கும் பட்டறைக்கும் இடையே நிற்க வேண்டிய வேதித் தொழிலகங்கள் போதிய அளவில் இல்லை.

ஆமணக்கு ஒன்றுதான் என்பதில்லை. ஆட்டு மயிரினின்று பிரிக்கும் கொழுப்பு, கிடங்கில் வைக்கும் உருப்படிகளுக்கு நல்ல துருக்காப்புப் பூச்சு. துவர்ப்பொருள் இரும்பின் துருவோடு கூடி, கரையாத கருஞ்சேர்மமாக ஒட்டிக்கொள்ளும். ஏறிய துருவை அடக்கும் பூச்சுகள் சில இவ்வடிப்படையில் அமைந்தவை. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியவர் அறிந்த வினைதான் இது. தோசைக்கல்லை நல்லெண்ணெய் தடவிப் பழக்கும் இல்லத்தரசியும் ஒரு துருக்காப்பையே செய்கிறார்: சூட்டில் எண்ணெய் பிணைந்து கரும்படலமாக இறுகி நிற்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஊரில் உள்ளதெல்லாம் நல்லது என்று மார்தட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய விளக்கெண்ணெயைப் பொறித்தொட்டியில் கொட்டுபவர் ஏமாறுவார். தோசைக்கல்லில் நன்மை செய்த அதே பண்பு பொறியில் தீமை செய்யும். நிலைத்திணை எண்ணெய்களின் இரட்டைப் பிணைப்புகளை உயிர்வளி தாக்கும். எண்ணெய் பிசினாகிப் பொறியின் சறுக்குத் தடங்களில் ஒட்டும். நீரோடு நெடுநாள் நின்றால் எண்ணெய் பிளந்து காடியாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, மாந்தன் உண்ணக்கூடியதை நுண்ணுயிரும் விரும்பி உண்ணும். ஆகவே வேதியியலாளர் இவ்வெண்ணெய்களை வலிமையான எசுத்தர்களாக மாற்றியமைத்தும், உயிர்வளித் தடுப்பான்களைச் சேர்த்துமே பயன்படுத்துகின்றனர். ஏனத்தின்மேல் பச்சை இலைப்படம் அச்சிட்டிருப்பது சான்றாகாது. 28 நாளில் 60 விழுக்காடேனும் சிதைகிறதா என்பது பன்னாட்டு ஆய்வுமுறை வகுத்துள்ள அளவு. அதில் தேறியதா என்று விற்பவரைக் கேட்க வேண்டும். காப்புக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தர மறுப்பவரிடம் எண்ணெயும் வாங்க வேண்டியதில்லை.

இனித் திங்கட்கிழமை நாற்றத்திற்கு வருவோர்க்கு விடை எளிது. பொறியின் மற்ற உறுப்புகளினின்று கசியும் எண்ணெய் ஓய்வுநாளில் தொட்டியின்மேல் படலமாகப் படர்ந்து காற்றை அடைக்கிறது. கீழே, காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, கந்தகச் சேர்மங்களைத் தின்று, அழுகிய முட்டையின் நாற்றமுள்ள வளியை விடுகின்றன. நுண்ணுயிர்கள் காடியையும் சுரப்பதால் நீரின் காரத்தன்மை குறைகிறது. 8.5-க்கும் 9.5-க்கும் இடையில் நிற்க வேண்டிய பி.எச். அளவு இறங்குகிறது, இரும்பின் காப்புப்படலம் தளர்கிறது, துரு பூக்கிறது. நாற்றமும் துருவும் உடன்பிறப்புகள்! நாற்றத்தை அடக்கக் கொல்லி மருந்தை அளவின்றி ஊற்றினால் அது கையின் தோலைக் கடிக்கும். ஊற்றாது விட்டால், நுண்ணுயிர் கலந்த தூவல் நுரையீரலுக்குள் செல்லும். 1990-களில் அமெரிக்க மகிழுந்துத் தொழிலகங்கள் சிலவற்றில் தொழிலாளர் பலர் இவ்வாறு நுரையீரல் அழற்சியுற்றனர். காற்றில் மிதக்கும் இத்தூவலின் நுண்பகுதி ஒரு பருமீட்டருக்கு 0.4 மில்லிகிராமை மிஞ்சக்கூடாதென்று 1998-இல் அந்நாட்டு ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்தது.

மருந்தினும் முந்தியது துப்புரவு. மிதக்கும் எண்ணெயை நாள்தோறும் வழித்தெடுத்தலும், ஓய்வுநாளிலும் நீரைச் சிறிது நேரம் சுழலவிடுதலும் பாதி நோயைத் தீர்க்கும். மீதியில் பெரும்பகுதி நீரைப் பொறுத்தது. 200 இலிட்டர் தொட்டியில் நாளுக்கு 20 இலிட்டர் ஆவியாகிறதென்று வைத்துக்கொண்டால், பத்து நாளில் 200 இலிட்டர் புதுநீர் உள்ளே சென்றிருக்கும். ஆவியானது நீர், உப்பு ஆவியாகாது. பத்தாம் நாளில் தொட்டியின் உப்பு இருமடங்கு! ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரை ஊற்றும் பட்டறையில் எத்தனை விலையுயர்ந்த சேர்மானமும் தோற்பது இதனால்தான். கூரையில் பிடித்த மழைநீரைத் தொட்டிக்கென்று தனியே சேர்த்து வைக்கும் பட்டறை அறிவுள்ள பட்டறை.

எந்தச் சேர்மானம் எந்த அளவில் காக்கும் என்பதைப் பட்டறையிலேயே ஆய்ந்து பார்க்கலாம். வார்ப்பிரும்பின் தூய சீவல்களை ஒரு வடிதாளின்மேல் பரப்பி, கலந்த நீரைச் சிறிதளவு ஊற்றி, மூடி 2 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு சீவலை நீக்கித் தாளைக் கழுவினால் துருக்கறை தெரியும். கலவையைப் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து, எந்த அளவில் கறை தோன்றத் தொடங்குகிறதென்று பார்த்தால், அதற்கு மேற்பட்ட அளவே அப்பட்டறைக்கு உரியது. ஆய்வகங்கள் தரம் பிரிக்கும் முறையும் அடிப்படையில் இதுவே. பித்தளையோ செம்போ கடையும் பட்டறையாயின் அவற்றின் துண்டுகளையும் நனைத்துப் பார்க்க வேண்டும். இரும்பிற்குக் காப்பான அமைன் செம்பைக் கறைப்படுத்தும். துருவை ஓட்டிய நீர் களிம்பை அழைத்து வரும்.

நீரே இல்லாமல் வெட்டும் முறையும் பரவிவருகிறது. மணிக்குப் பத்து முதல் நூறு மில்லிலிட்டர் வரையிலான நிலைத்திணை எசுத்தர் எண்ணெயைக் காற்றோடு கலந்து உளிமுனையில் மட்டும் தூவுவர். பெருந்தொட்டியும் இல்லை, திங்கட்கிழமை நாற்றமும் இல்லை. சீவல் ஏறக்குறைய உலர்ந்தே விழுகிறது. ஆனால் ஆழ்துளையிடலுக்கும் கடும்வெப்ப வேலைகளுக்கும் எல்லாம் இது பொருந்தாது. புகையை உறிஞ்சும் அமைப்பும் வேண்டும். கடன் வாங்கி ஒற்றைப் பொறி ஓட்டுபவர் நாளையே இதற்கு மாறிவிட முடியாது.

அவர் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஈரச் சீவலைக் கொல்லைப்புற மண்ணில் குவித்து, பழைய இரும்புக்காரர் வரும்வரை விட்டுவைப்பது பல ஊர்களில் வழக்கம். அதினின்று வடியும் பால்நீர் மண்ணுள் இறங்கி அடுத்த வீட்டுக் கிணற்றை அடைகிறது. குவிக்கும் இடத்தில் சாய்வான தளம் ஒன்றும், அதன் தாழ்ந்த முனையில் சிறு தொட்டி ஒன்றும் கட்டினால், வடியும் நீரை வடிகட்டி மீண்டும் பொறிக்கே ஊற்றலாம். செலவு, ஒரு சுமை செங்கல்லும் இரண்டு மூட்டை சிமிட்டியும்.